முப்பத்தொன்றாம் தேதி 00:30

வித்துராவைத் தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால், இடப்புறமாக ஒரு செம்மண் பாதை பிரியும். அந்தப் பாதை போய் முடிகிற இடம்தான் சாத்தன்பாறை மறுஒலிபரப்பு நிலையம். ஓர் ஓட்டுக் கட்டடம். அதனுள் ஒரு டிரான்ஸ்மிட்டர். அறுபது கஜம் தள்ளி ஓர் இரும்பு டவர். டவரின் அடியில், ஓர் ஆள் குனிந்து நுழையும்படியான தகரக் குடில். குடிலுக்குள் செம்புக் குழாயை வளைத்துச் செய்த பெரிய சுருள் ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் பேசுவதும் பாடுவதும் தொலைபேசிக் கம்பி வழியாக இங்கே வந்து, அந்தச் சுருளின் வழியே டவரில் ஏறி, மலைச்சரிவுத் தோட்டங்களுக்கும் தொழிலாளர் லயன் வீடுகளுக்கும் போய்ச் சேரும்.

நிலையத்துக்கு அதிகாரிகள் பலர் இருந்தபோதிலும் அதை நடத்தியவர்கள் இரண்டே பேர். ஒருவர் நகரத்துக் கட்டுப்பாட்டு அறையில் முதுநிலைப் பொறியியல் உதவியாளராக இருந்த வெங்கடகிருஷ்ணன். நகரத்துக்குள்ளேயே ஸ்ரீவராகத்துக்காரர். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் ஒருநாள்கூட லாக் புத்தகத்தில் அடித்து எழுதாதவர். மற்றவர் குன்றின் மேல் தினக்கூலி உதவியாளராக இருந்த ஞானசிகாமணி. பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்து வித்துராவில் குடியேறியவர். நகரத்திலிருந்து தொலைபேசி மணி அடித்தால் இவர் சுவிட்சைப் போடுவார். மறுபடி அடித்தால் அணைப்பார். பதினான்கு வருடங்களாக அப்படியே நடந்து வந்தது. தினக்கூலிக்காரர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதில் ஞானசிகாமணியின் பெயர் மூன்றாவதாக இருந்தது.

1999 ஜூன் மாதம் தொலைக்கட்டுப்பாட்டுப் பெட்டி வந்து இறங்கியது. பார்வைக்கு ஒரு பழைய டேப் ரிக்கார்டரைப் போல இருக்கும். தேதி, நேரம், செய்ய வேண்டிய காரியம் ஆகிய மூன்றையும் வரிசையாக எழுதிய ஒரு பட்டியலை நகரத்துக் கணினியிலிருந்து தொலைபேசி வழியே அதற்கு அனுப்பிவிட்டால், அது தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே டிரான்ஸ்மிட்டரைப் போடும், தானே அணைக்கும், செய்ததைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். பட்டியல் எழுதும் பொறுப்பு வெங்கடகிருஷ்ணனுக்கு வந்தது. அவர் அதை ஒரு பூஜையைப் போலச் செய்தார். ஒவ்வொரு வரியையும் முதலில் கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதி, இரண்டு முறை சரிபார்த்து, அதன் பிறகே கணினியில் ஏற்றுவார்.

பெட்டியைப் பொருத்திய நாளில் ஞானசிகாமணி கைகட்டி நின்று பார்த்தார். இது நம்முடைய வேலையைத் தின்றுவிடுமோ என்று அவர் கேட்டபோது, வேலையைத் தின்னாது, தூக்கத்தைத் திருப்பித் தரும் என்று வெங்கடகிருஷ்ணன் சிரித்தார். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். டவரடிக் குடிலைத் திறப்பதற்கு முன்னால் கட்டடத்துக்குள் போய், டிரான்ஸ்மிட்டரின் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பழைய விதி. டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது அந்தச் செம்புச் சுருளைத் தொட்டால், வெளித்தோல் கருகுவதற்கு முன்பே உள்ளே எலும்பு வரை வெந்துவிடும். இனியும் மீட்டரைப் பார்க்க வேண்டுமா என்று ஞானசிகாமணி கேட்டார்.

"அதெல்லாம் பழைய சம்பிரதாயம், ஓய். லிஸ்ட்ல போடற நேரம் அஞ்சு இருபத்தஞ்சுன்னு இருந்தா அஞ்சு இருபத்தஞ்சுதான். உம்ம வாட்ச் தப்பினாலும் இது தப்பாது" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் ஞானசிகாமணி அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

அந்த ஆண்டின் பிற்பாதி முழுவதும் எல்லா அலுவலகங்களிலும் ஒரே பேச்சாக இருந்தது: இரண்டாயிரம் பிறக்கும் நொடியில் கணினிகளெல்லாம் குழம்பிப் போகுமாம். நிலையப் பொறியாளர் நாகேஸ்வரன் வெங்கடகிருஷ்ணனைக் கூப்பிட்டு, சாத்தன்பாறைப் பெட்டிக்கு நீரே பொறுப்பு என்றார். வெங்கடகிருஷ்ணன் இரண்டு முறை குன்றுக்குப் போய், பெட்டியின் கடிகாரத்தை 31-12-99 இரவு பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் திருப்பி வைத்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அது 01-01-00 ஆக மாறுவதைக் கண்ணால் பார்த்தார். ஆண்டைப் பற்றிய அந்தக் கவலையில் நாள் என்பதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

ஒலிபரப்புக்காரர்களின் லாக் புத்தகத்தில் நாள் என்பது நள்ளிரவில் முடிவதில்லை. கடைசி அறிவிப்புடன் முடியும். சிவராத்திரி போன்ற நாளில் ஒலிபரப்பு பன்னிரண்டைத் தாண்டிப் போனால், பன்னிரண்டரைக்கு நடந்ததையும் முந்தின நாளின் பக்கத்திலேயே எழுதுவார்கள். தேதி மாறாது, நேரம் மட்டும் 00:30 என்று இருக்கும். எல்லா ஒலிபரப்பு அறைகளிலும் அதுவே வழக்கம். வெங்கடகிருஷ்ணனின் வீட்டுப் பஞ்சாங்கமும் அப்படித்தான். சூரியன் உதிக்கும் வரை முந்தின நாள்தான்.

பெட்டி வந்த பிறகு ஒலிபரப்பு நள்ளிரவைத் தாண்டியது முதன்முதலாக 1999 டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிதான். புத்தாண்டுச் சிறப்பு நிகழ்ச்சி பன்னிரண்டரை வரை. வெங்கடகிருஷ்ணன் வழக்கமாக இரவு பதினொன்று ஐந்துக்கு அணைக்கும் வரியை நீக்கிவிட்டு, பென்சிலால் எழுதினார்: 31-12-99, 00:30, அணை. இரண்டு முறை சரிபார்த்தார். இரண்டு முறையும் சரியாகவே இருந்தது.

பெட்டிக்கு லாக் புத்தகத்தின் வழக்கம் தெரியாது. அதற்கு முப்பத்தொன்றாம் தேதியின் 00:30 என்பது முப்பதாம் தேதி நள்ளிரவு கழிந்த அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஏற்கெனவே அணைந்து கிடந்த டிரான்ஸ்மிட்டரை அது முப்பத்தொன்றாம் தேதி அதிகாலையில் மறுபடி ஒருமுறை கடமையாக அணைத்து, 'செய்யப்பட்டது' என்று குறித்துக்கொண்டது. அன்றிரவு அணைப்பதற்கு அதனிடம் வரி ஏதும் இல்லை.

பன்னிரண்டு அடித்தபோது கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் குலுக்கினார்கள். கணினி குழம்பவில்லை. நாகேஸ்வரன் வெங்கடகிருஷ்ணனின் முதுகில் தட்டினார். பன்னிரண்டரைக்கு அறிவிப்பாளர் வணக்கம் சொல்லி முடித்ததும், டிரான்ஸ்மிட்டர் அணைந்ததா என்று பெட்டியிடம் கேட்க வெங்கடகிருஷ்ணன் குன்றின் எண்ணைச் சுழற்றினார். ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரம், லைன் கிடைக்கவில்லை. இன்னொரு முறை சுழற்றியிருக்கலாம். பட்டியல்தான் இருக்கிறதே என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் காலையில் ஒலிபரப்பு தொடங்குவதற்கு முன்னால் குடிலுக்குள் கட்டெறும்பையும் பல்லியையும் துடைத்தெறிய வேண்டும். இல்லாவிட்டால் அவை சுருளில் கருகித் தீப்பொறி பறக்கும். சபையில் புத்தாண்டு ஆராதனைக்குப் போக வேண்டியிருந்ததால் ஞானசிகாமணி அன்று சற்று முன்னதாகவே வந்தார். கட்டடத்துக்குள் போய் வாரியல் துடைப்பத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டார். குளிர்சாதனத்தின் இரைச்சல் எப்போதும் உள்ளதுதான்; அதில் டிரான்ஸ்மிட்டரின் ஓசை தனியாகத் தெரியவில்லை. மீட்டரைப் பார்க்கவில்லை. ஐந்தடித்து ஐந்து நிமிடம் இருக்கும்போது குடிலைத் திறந்து சுருளின் மேல் வலது கையை வைத்தார்.

இடது கையாலேயே டிரான்ஸ்மிட்டரை அணைத்து, இடது கையாலேயே வித்துராவுக்குத் தொலைபேசி செய்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. மருத்துவமனையில் அவருடைய வலது கையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் எடுத்துவிட்டார்கள்.

வெங்கடகிருஷ்ணன் ஏழு மணிக்குக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி வந்து, பெட்டியைக் கூப்பிட்டு அதன் குறிப்பை அச்சடிக்கச் சொன்னார். ஓரத்தில் துளையிட்ட நீளக் காகிதம் மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது. '31-12-99 00:30 அணை, செய்யப்பட்டது' என்ற வரி தெரிந்தது. அதற்கு அடுத்த வரி '31-12-99 05:25 போடு, செய்யப்பட்டது' என்று இருந்தது. அந்த இரண்டு வரிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்ற வரிசையைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

விசாரணை நாகேஸ்வரனிடம் வந்தது. ஞானசிகாமணி பொய் சொல்லத் தெரியாத மனிதர். டிரான்ஸ்மிட்டர் ஓடிக்கொண்டிருந்தது, நான்தான் அணைத்தேன் என்று வாக்குமூலம் கொடுத்திருந்தார். ஆகவே நாகேஸ்வரனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: முப்பத்தொன்றாம் தேதி 00:30க்குப் பெட்டி அணைத்ததா, இல்லையா? அந்த நேரத்துக்குரிய பதிவைச் சமர்ப்பிக்குமாறு எழுத்து மூலம் கேட்டார்.

வெங்கடகிருஷ்ணன் இரண்டு நாள் யோசித்தார். கேட்கப்பட்டது ஒரு நேரத்துக்குரிய பதிவு. எனவே ஒரு வரியைக் கொடுத்தால் போதுமானது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அடிக்கோலை வைத்து, மேலும் கீழும் கிழித்து, அந்த ஒற்றை வரியை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, கீழே 'உண்மைப் பதிவு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதில் பொய் ஓர் எழுத்துகூட இல்லை. நாகேஸ்வரனும் லாக் புத்தகத்தில் வளர்ந்தவர். முப்பத்தொன்றாம் தேதி 00:30 என்றால் அவருக்கும் அது முப்பத்தொன்றாம் தேதி இரவுதான். பெட்டி அணைத்திருக்கிறது, காலையில் ஓடியிருக்கிறது, நடுவில் கட்டடத்துக்குள் போனவர் ஞானசிகாமணி ஒருவரே. அவர் கைபட்டோ வேண்டுமென்றோ சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது என்று அறிக்கை முடிந்தது. நிரந்தரப் பட்டியலில் மூன்றாவது பெயர் அடிக்கப்பட்டது. வேலைக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மார்ச் மாதம் சிவராத்திரி வந்தது. மறுபடியும் நள்ளிரவைத் தாண்டிய ஒலிபரப்பு. இந்த முறை வெங்கடகிருஷ்ணன் அணைக்கும் வரியை மறுநாள் தேதியில் எழுதினார். பெட்டி சரியாக அணைத்தது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. கோவிலுக்குப் போய் வந்த அவர் மனைவி ஜெயலக்ஷ்மி, விரதமிருந்த கணவர் மறுநாள் பாரணைக்கும் சரியாகச் சாப்பிடாததைக் கண்டு வயிற்றுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அவர் அதையும் மறுக்காமல் குடித்தார்.

விஷு கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானசிகாமணி ஸ்ரீவராகத்துக்கு வந்தார். தோளில் ஒரு வருக்கைச் சக்கை, முற்றிய முழுப் பலா. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஜெயலக்ஷ்மி காபி கொடுத்தபோது டம்ளரை இடது கையால் வாங்கினார். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். சற்று நேரம் மழையைப் பற்றியும் ரப்பரைப் பற்றியும் பேசினார். அவருடைய மனைவி சுசீலாபாய் இப்போது மற்றவர்களின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறாள் என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வெங்கடகிருஷ்ணனின் முன்னால் வைத்தார்.

"சாறு எனக்கு ஒரு மாப்புக் கடிதாசி எழுதித் தரணும்."

சார் என்பது ஞானசிகாமணியின் வாயில் எப்போதும் சாறுதான். எதற்கு மன்னிப்பு என்று வெங்கடகிருஷ்ணன் கேட்டார்.

"சுவிச்ச போட்டதுக்கு. எனக்கு ஓர்மையில்ல, கேட்டேளா. ஆனா மெஷின் தப்பாதுன்னு சாறுதான சொல்லியிருக்கு. மெஷின் தப்பல்லன்னா பின்ன நான்தான் தப்பியிருக்கணும். வாரியல எடுக்கச்சில தோளு சுவிச்சுல இடிச்சிருக்கும். அப்பிடி ஒத்துக்கிட்டு எழுதினா, லிஸ்டுல பேர திரும்ப வைப்பாங்களோ, சாறே?"

வெங்கடகிருஷ்ணன் பேனாவை எடுத்தார். கடிதம் எழுதுவதில் அவருக்கு நிகர் அந்த அலுவலகத்தில் கிடையாது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'எனது கவனக்குறைவினால்' என்பது வரை கை தானாக ஓடியது. எனது என்ற சொல்லில் பேனா திரும்பி வந்து நின்றது. யாருடைய கவனக்குறைவை யார் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதை அவர் கை அவருக்கு முன்பே உணர்ந்துவிட்டதைப் போல இருந்தது. தாளை மடித்துவிட்டு, இப்போது இது வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஞானசிகாமணியின் முகம் மலர்ந்தது. சாறு பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் காரியம் ஆனது போலத்தான் என்று ஜெயலக்ஷ்மியிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

சக்கையை ஜெயலக்ஷ்மி மூன்று நாள் வைத்திருந்து பக்குவம் பார்த்து அரிந்தாள். நல்ல தேன் சுளை. பாதியை வெல்லம் சேர்த்துக் கிளறி வரட்டி வைத்தாள்.

ஜூலையில் நாகேஸ்வரன் வெங்கடகிருஷ்ணனைக் கூப்பிட்டனுப்பினார். அடுத்த மே மாதம் அவருக்கு ஓய்வு. அதற்கு முன்னால், சாத்தன்பாறைப் பெட்டிக்குப் பட்டியல் எழுதும் முறையை முதலிலிருந்து கடைசி வரை ஒரு கையேடாக எழுதித் தர வேண்டும். பின்னால் வருகிறவர்கள் திணறக்கூடாது. இந்த வேலைக்கு உம்மை விட்டால் ஆள் இல்லை என்றார். வெங்கடகிருஷ்ணனும் அப்படித்தான் நினைத்தார்.

முதல் ஆறு விதிகளை எழுத அவருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏழாவது விதி நள்ளிரவைத் தாண்டும் ஒலிபரப்பைப் பற்றியது. 'இரவு பன்னிரண்டுக்குப் பின் வரும் காரியத்தை லாக் புத்தக வழக்கப்படி அதே தேதியில் எழுதலாகாது. மறுநாள் தேதியிலேயே எழுத வேண்டும்' என்று எழுதினார். படித்துப் பார்த்தார். இதைப் படிக்கும் எவனும், அப்படியானால் அந்த முப்பத்தொன்றாம் தேதி என்று ஒரு கணம் நினைக்காமல் இருக்க மாட்டான். அந்த விதியை அடித்தார். அடித்த இடத்தைப் பார்த்தார். விதி இல்லாவிட்டால் அடுத்த சிவராத்திரிக்கு வேறொருவர் பென்சிலால் அதே வரியை எழுதுவார், இரண்டு முறை சரிபார்ப்பார், வேறொரு கை சுருளைத் தொடும். மறுபடியும் எழுதினார். பதினெட்டு நாள் அந்தத் தாள் மேஜை மேல் அப்படியே கிடந்தது. எட்டாவது விதிக்கு அவரால் போக முடியவில்லை.

பத்தொன்பதாம் நாள் மாலை விளக்கேற்றிவிட்டு வந்த ஜெயலக்ஷ்மி, அந்தத் தாளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். அவர் சொன்னார். தொடங்கியபோது பெட்டியைப் பற்றித்தான் சொன்னார். முடிக்கும்போது அடிக்கோலை வைத்துக் காகிதத்தைக் கிழித்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேஜை மேலேயே வைத்தாள்.

"ஏன்னா, அப்போ அந்தச் சக்கையை நாம எப்படித் தின்னோம்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வித்துரா பஸ்ஸில் ஏறினார். பையில் அந்த நீளக் காகிதம் முழுவதும் இருந்தது. கிழிந்த இடத்தில் ஒரு வரி மட்டும் இல்லை.

ஞானசிகாமணியும் சுசீலாபாயும் ஆராதனை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாறு நேரில் வந்திருப்பதைக் கண்டதும் ஞானசிகாமணி நல்ல செய்தி என்றே நினைத்துவிட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பால் விடாத கட்டன் சாயா போடச் சொன்னார். சாயா வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வெங்கடகிருஷ்ணன் காகிதத்தைத் தரையில் விரித்தார். பெட்டிக்கு நாள் எப்போது தொடங்குகிறது, நமக்கு எப்போது தொடங்குகிறது, எந்த வரியைத் தாம் எந்தத் தேதியில் எழுதினார், எந்த இடத்தில் கிழித்தார் என்று வரிசையாகச் சொன்னார். மீட்டரைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னதும் தாம்தான் என்றார். ஞானசிகாமணி குனிந்து ஒவ்வொரு வரியாக இடது கை விரலை வைத்துப் பார்த்தார். கிழிந்த இடம் வந்ததும் விரல் நின்றது.

"அப்போ நான் தொடல்ல" என்றார்.

"தொடலை."

"தோளும் இடிக்கல்ல."

"இல்லை, ஞானசிகாமணி. உம்ம மேல ஒரு தப்பும் இல்லை."

ஞானசிகாமணி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா சுசீலா? நான் தொடல்லியாம்." அவர் குரலில் கோபம் இல்லை. தொலைந்து போன பொருள் வீட்டுக்குள்ளேயே இருந்ததைக் கண்டுபிடித்தவரின் குரலைப் போல இருந்தது.

சாயாவுடன் நின்றிருந்த சுசீலாபாய் அதைக் கொடுக்கவில்லை.

"எனக்கு அது மொதல்லயே தெரியும். இந்தச் சாறுக்கும் தெரிஞ்சிருக்கு. தெரியாதது உங்களுக்கு மட்டுந்தான்" என்றாள் கணவரிடம். பிறகு வெங்கடகிருஷ்ணனை நேராகப் பார்த்தாள். "இந்த மனுசன் எத்தன நாளு விடியக்காலம் எழும்பி, வாரியல எடுக்க மாதிரி எடுத்து, செவுத்துல தோள இடிச்சு இடிச்சுப் பாத்திருக்காரு தெரியுமா, சாறே? எங்க இடிச்சேன், எப்பிடி இடிச்சேன்னு. விரல் போனதுக்கு நான் அழல்ல. அதப் பாத்துத்தான் கரஞ்சேன்."

வெங்கடகிருஷ்ணன் எழுந்து நின்றார். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லப் பார்த்தார். ஏப்ரலில் அதே சொல்லை எழுதித் தரும்படி ஒரு தாள் அவர் முன்னால் வைக்கப்பட்டது நினைவுக்கு வந்ததும் அதை விட்டுவிட்டார். நாளைக்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். ஞானசிகாமணி அந்த நீளக் காகிதத்தை மடித்து, இது இங்கே இருக்கட்டும் என்றார். அலுவலகத்துக்கு வேண்டுமானால் பெட்டியிலிருந்து இன்னொன்று அச்சடித்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார். அதுவும் நியாயம்தான். கணினியின் கோப்பில் அது அப்படியே இருந்தது. இத்தனை மாதங்களில் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை வெங்கடகிருஷ்ணன் கையேட்டையும், நான்கு பக்கக் கடிதம் ஒன்றையும், முழு அச்சுப் பிரதியையும் நாகேஸ்வரனின் மேஜையில் வைத்தார். நாகேஸ்வரன் ஏழாவது விதியைப் படித்தார். அதன் கீழே உதாரணமாக 31-12-99 என்ற தேதி இருந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இப்போ எதுக்கு ஓய் இதைக் கிண்டறீர்? இது ஃபைல்ல ஏறினா உம்ம பேரு மட்டுமா போகும்? நான் எழுதின ரிப்போர்ட்டும் தப்புன்னு ஆகும், தெரியுமோல்லியோ?"

தெரியும் என்றார் வெங்கடகிருஷ்ணன்.

நாகேஸ்வரன் கெட்டவர் அல்லர். ஒரு வழியும் சொன்னார்: கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்; ஞானசிகாமணியின் பெயரைக் கருணை அடிப்படையில் மறுபடி பரிசீலிக்கத் தாமே சிபாரிசு செய்வார்; கையேட்டில் விதி இருக்கட்டும், உதாரணத்தை மட்டும் எடுத்துவிடலாம்.

வெங்கடகிருஷ்ணனுக்கு ஒரு கணம் அது போதும் என்று தோன்றியது. வேலை கிடைத்துவிடும், பென்ஷனும் தப்பிவிடும். ஆனால் கருணை என்ற சொல்லுக்கு நடுவே சுவரில் தோளை இடித்துப் பார்க்கும் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

"உதாரணம் இல்லாம அந்த விதி யாருக்கும் புரியாது, சார். எழுதின எனக்கே புரியலையே" என்றார்.

கடிதம் ஃபைலில் ஏறியது. மேலிடத்துக்குப் போய், ஒவ்வொரு மேஜையாக உறங்கி எழுந்து, திரும்பி வர ஏழு மாதங்கள் ஆயின. வெங்கடகிருஷ்ணனின் பணிப்பதிவேட்டில் கண்டனக் குறிப்பு ஏறியது. ஊதிய உயர்வு ஒன்று நிறுத்தப்பட்டது. நாகேஸ்வரனிடம் விளக்கம் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வெங்கடகிருஷ்ணனிடம் வேலை சம்பந்தமாக அன்றி வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில், ஞானசிகாமணியின் மீது தவறில்லை என்றும், அவரை நிரந்தர உதவியாளராக எடுத்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவு வந்தது.

பணியில் சேரும் நாளில் ஒரு சிறிய சிக்கல். சேர்க்கைப் படிவத்தில் ஞானசிகாமணி இடது கையால் கையெழுத்துப் போட்டார். பழைய கூலிப் பதிவேட்டில் இருந்த வலக்கைக் கையெழுத்துக்கும் இதற்கும் ஒரு பொருத்தமும் இல்லை. குமாஸ்தா பத்மஜா தயங்கினாள். இரண்டும் ஒருவர் கையெழுத்துதான் என்று அவரை அறிந்த நிரந்தர ஊழியர் யாராவது எழுதித் தர வேண்டும் என்றாள். ஞானசிகாமணி அந்த அறையில் இருந்தவர்களைப் பார்த்தார். வெங்கடகிருஷ்ணன் தம் இருக்கையிலிருந்து எழுந்து வந்தார். இருவரும் வித்துராவுக்குப் பிறகு அன்றுதான் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் படிவத்தின் கீழே எழுதத் தொடங்கினார்: இவ்விரண்டு கையொப்பங்களும் திரு. ஞானசிகாமணி ஒருவருடையவையே. 01-01-2000 காலை ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு, நான் எழுதிய பட்டியலில் நேர்ந்த பிழையாலும், நான் கூறிய தவறான அறிவுரையாலும், இவரது வலக்கை விரல்கள் இரண்டு...

பத்மஜா எட்டிப் பார்த்தாள். "சாரே, காரணம் ஒண்ணும் வேண்டா. ஒப்பு இவருடையதுன்னு மட்டும் போதும். இடம் வேறே கொறவு."

ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெங்கடகிருஷ்ணன் மீதியை ஓரத்தில், எழுத்தைச் சிறிதாக்கி, முழுவதும் எழுதி முடித்தார். ஞானசிகாமணி படிவத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி, முதலிலிருந்து கடைசி வரை படித்தார். வெளியே வராந்தாவில் சுசீலாபாய் நின்றிருந்தாள். அவள் உள்ளே வரவும் இல்லை, வெங்கடகிருஷ்ணனின் பக்கம் திரும்பவும் இல்லை. படிவத்தை அவரிடமே திருப்பி நீட்டிய ஞானசிகாமணி, கீழே காலியாக இருந்த இடத்தை இடது கையால் தொட்டுக் காட்டினார்.

"தேதி போடல்ல, சாறே."

அப்போது பகல் பன்னிரண்டேகால் மணி. தேதியில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆயினும் வெங்கடகிருஷ்ணன் தலையை உயர்த்திச் சுவரிலிருந்த நாட்காட்டியை ஒருமுறை பார்த்தார், குனிந்து எழுதினார், எழுதியதை மறுபடியும் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.